கண்டிக்காரரின் தலைக்கட்டு

வரி கட்டுவதில் ஆசை உள்ள மனிதர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

ஊரில் அவரைக் கண்டிக்காரர் என்பார்கள். அவர் கடை வைத்திருந்தது இலங்கையில், தேயிலை மலை ஊரான அட்டனில். கண்டி வழியாக ரயிலில் போயிருக்கிறாரே தவிர அங்கே ஒரு நாள் தங்கியதில்லை. ஆனால் எங்கள் கரிசல்காட்டில் தெற்கே கடல் தாண்டிப் போன அத்தனை பேரும் கண்டிக்குப் போனவர்கள்தான். அதை அவர் ஆரம்பத்தில் திருத்திப் பார்த்துவிட்டு, பிறகு விட்டுவிட்டார். எனக்குத் தூரத்து உறவில் மாமா. நான் அருப்புக்கோட்டையில் ஒரு பருத்திக் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ஊரில் ஒரு பொய் உலவிக்கொண்டிருந்தது. அதை நானும் மறுத்ததில்லை. அதனால் கடல் தாண்டி வருகிற காகிதம் எல்லாம் என் தலையில் விழும்.

மாமாவின் அடையாளம் குடை. அட்டனில் வருஷத்தில் பாதி நாள் மழையாம். அந்தப் பழக்கத்தில் இங்கே வந்தும் குடையை விரித்தபடிதான் நடப்பார். மேகத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி கண்ட எங்கள் ஜனங்களுக்கு நடுவில், விரித்த கறுப்புக் குடையோடு ஒருவர் காட்டுப் பாதையில் வந்தால் எப்படி இருக்கும்? ஒரு தடவை வெள்ளாடு மேய்க்கிற கிழவர் ஒருவர் அவரை மறித்து, இந்தக் குடையினால்தான் மழை வரமாட்டேன் என்கிறது என்று சண்டைக்கே வந்துவிட்டார். மாமா நின்று முழுவதையும் கேட்டார். அப்படியும் இருக்குமோ என்று பிறகு என்னிடம் வந்து விசாரித்தார். எதையும் நாலு பேரிடம் விசாரிக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. விசாரித்த பிறகும் வராது.

கடைக்குச் சேலை கொள்முதல் செய்ய வருஷம் ஒரு தடவை வருவார். அருப்புக்கோட்டைத் தறிச் சேலைக்கு அங்கே தோட்டத்துப் பெண்களிடம் நல்ல மதிப்பு. அப்படி வந்த ஒரு நாள் நானும் அவரோடு சந்தைக்குப் போனேன். சந்தை வாசலில் மூட்டைக்கு வரி வாங்குகிற குத்தகைக்காரரின் ஆள் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு நல்ல உறக்கத்தில் இருந்தான். ஜனங்கள் சத்தம் காட்டாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மாமா போய் அவன் தோளைத் தட்டி எழுப்பினார். இரண்டு மூட்டைக்கும் வரியைக் கட்டி, ரசீதை வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்து, மடித்துப் பைக்குள் வைத்தார். அவன் விழித்துக்கொண்டதால் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் கட்ட வேண்டியதாயிற்று. அன்றைக்கு எங்கள் முதுகுக்குப் பின்னால் விழுந்த வசவுகளை எழுத முடியாது. எனக்கு எரிச்சலாக வந்தது. ஏன் மாமா, தூங்குகிறவனை எழுப்பியா கட்ட வேண்டும் என்று கேட்டேன்.

"வரி கட்டுனவன ஒரு பய வெரட்ட முடியாது, மாப்பிள்ள" என்றார்.

இதை அவர் சொல்லாத நாள் கிடையாது. அதற்குக் காரணமும் வைத்திருந்தார். மலைக்குப் போன புதிதில் ரோட்டோரம் சாக்கு விரித்துத் துணி விற்றபோது யாரோ ஒரு முரடன் தினமும் வந்து சாக்கை உதைத்துத் தள்ளுவானாம். மறு வருஷம் இவர் அந்த ஊர்ச் சபையில் இடத்துக்கு வரி கட்டி ரசீது வாங்கி வைத்துக்கொண்டார். அதே முரடன் வந்து, ரசீதைப் பார்த்துவிட்டு, சாக்கை மிதிக்காமல் ஒதுங்கிச் சுற்றிப் போனானாம். அந்தச் சாக்கு கடையாகிவிட்டது. இவருக்கும் அன்றோடு புத்தி அதில் நிலைத்துவிட்டது. பெண் எடுத்த ஊருக்குப் போனால் அங்கேயும் கோயிலுக்கு வரி கட்டுகிறேன் என்று நிற்பார். மருமகனிடம் நாங்கள் வரி வாங்குவதில்லை என்று அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைப்பார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

எல்லாவற்றிலும் அவருக்கு உயிர் எங்கள் ஊர்த் தலைக்கட்டு வரி. எங்கள் ஊரில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. பங்குனிப் பொங்கலுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று நாட்டாமை விதிப்பார். அதைக் கட்டிய வீட்டுக்குத்தான் அம்மன் பிரசாதம் வரும். அந்த வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் ஊர் கூடி வந்து வெற்றிலை பாக்கு எடுக்கும். அந்த வீட்டுச் சாவுக்குத்தான் ஊர் தோள் கொடுக்கும். கைம்பெண் வீடுகளுக்கு அரை வரி. மாமாவின் வரி, விதிப்பதற்கும் முன்னால், போன வருஷத் தொகைப்படி மாசி பிறக்கும் முன்னே மணியார்டரில் வந்துவிடும். ஊரிலேயே குடியிருக்கிறவர்கள் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நாட்டாமை அதை எடுத்துக் காட்டித்தான் மற்றவர்களை வைவார்.

அத்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மாமா கடல் தாண்டிச் சம்பாதித்தாரே ஒழிய, இங்கே வீட்டையும் கரிசலையும் ஆண்டது அவள்தான். பருத்தியும் கம்பும் அவள் விதைப்பு, அவள் வெள்ளாமை. மாமா ஒரு தடவை அவளைத் தன்னோடு வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அங்கே பருத்தி விளையுமா என்று கேட்டாளாம். தேயிலைதான் என்றாராம். அப்படியானால் எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டுவிட்டுக் களை எடுக்கப் போய்விட்டாளாம். இதை மாமாவே சிரித்துக்கொண்டு சொன்னார். அவர்கள் வருஷத்தில் ஒரு மாதம் சேர்ந்திருந்தார்கள். சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

சுதந்திரம் வந்து, அடுத்தாற்போல இலங்கையும் தனி நாடாகி, ஒன்றிரண்டு வருஷத்துக்குள் குழப்பம் ஆரம்பமாயிற்று. அங்கே குடியுரிமைக்குப் புதுச் சட்டம் என்றார்கள். அந்த நாட்டுக் குடிமகனாக எழுதிக்கொள்ளாதவர்களுக்குக் கடை லைசென்ஸ் கிடைக்காது, ஊருக்குப் பணம் அனுப்புவதும் கஷ்டம் என்று பேச்சு. எழுதிக்கொள்ள வேண்டுமானால் வேறு எந்த நாடும் எனக்கு இல்லை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு நடுவே இங்கேயிருந்து வருமான வரி ஆபீஸ் காகிதம் ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது. அங்கே சம்பாதித்ததற்கு இங்கே ஏன் வரி கட்டவில்லை என்று கேட்டிருந்தது. மாமா இரண்டையும் எடுத்துக்கொண்டு, குடையோடு, மண்டிக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். நான் இரண்டையும் இரண்டு தடவை படித்தேன். என் இங்கிலீஷின் சாயம் அன்றைக்கு வெளுத்துவிட்டது. அவரை ஒரு வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

வக்கீல் நல்ல மனிதர். பொறுமையாகத்தான் சொன்னார். அதிலும் எனக்கு இன்றைக்கு வரைக்கும் பாதி விளங்கவில்லை. இங்கே ஒரு வீட்டை வைத்துக்கொண்டு வருஷத்தில் ஒரு நாள் வந்து தலைகாட்டிவிட்டுப் போனாலும் வரிச் சட்டத்துக்கு அவர் இங்கே குடியிருக்கிறவர்தானாம். அங்கே சம்பாதித்ததையும் இங்கே காட்ட வேண்டியதுதானாம். சரி, இந்த நாடு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டால் அந்த வரி போய்விடுமா என்று நான் கேட்டேன். போகாது, வீடு இருக்கிறதே என்றார். அப்படியானால் வரி கட்டுகிறவன் இந்த நாட்டான்தானே என்று மாமா கேட்டார். வரி வேறு, குடியுரிமை வேறு என்றார் வக்கீல். அதோடு விட்டாரா? இந்தியக் குடிமகன் யார் என்று டில்லியில் இன்னும் சட்டமே எழுதி முடியவில்லை, இல்லாத ஒன்றை எப்படி விட்டுக்கொடுப்பது என்பதும் ஒரு கேள்விதான் என்று சொல்லிவிட்டு, தமக்குத் தாமே தலையை ஆட்டிக்கொண்டார்.

மாமாவைக் கூட்டிக்கொண்டு திரும்பினேன். பஸ் நிற்கிற இடத்தில், வெறும் தேயிலைத் தண்ணீரை அட்டன் முறைப்படி கருப்பட்டியைக் கடித்துக் கடித்துக் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"வரி வேற, ஊரு வேறன்னா, நான் இத்தன காலம் எதக் கட்டுனேன் மாப்பிள்ள?"

 அதற்குப் பதில் அந்த வக்கீலுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் யாரும் எதிர்பாராதது. டில்லியும் கொழும்பும் அவருக்குக் காகிதம். அவருக்குத் தெரிந்த நாடு தலைக்கட்டு வரி கட்டுகிற ஊர்தான். வேறு ஊர் எனக்கு இல்லை என்று அங்கே போய்ச் சத்தியம் செய்ய வேண்டும். இங்கே தலைக்கட்டில் பேர் இருக்கும்போது அப்படிச் சத்தியம் செய்தால் அது பொய்ச் சத்தியம். அம்மன் கேட்பாள். ஆகவே முதலில் ஊரிலிருந்து முறைப்படி தன் தலைக்கட்டை எடுத்துவிட வேண்டும். இப்படி ஒரு கணக்குப் போட்டு, பங்குனிப் பொங்கலுக்கு வரி விதிக்க மந்தையில் ஊர் கூடியிருந்த நேரத்தில், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொண்டுபோய் நீட்டிவிட்டார். அங்கே எழுதிக்கொடுக்கிறதைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இங்கேயும் கட்டிக்கொண்டிருங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் காதில் ஓதிப் பார்த்தேன். எனக்குத் தெரியுமே என்றார்.

ஊர் திகைத்துப்போயிற்று. வரியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. தன்னை எடுத்துவிடச் சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லை. நாட்டாமை வெற்றிலையைத் தொடவில்லை.

"செத்தவுக பேர எடுப்போம். ஊரு ஒதுக்கி வச்சவுக பேர எடுப்போம். நீங்க ரெண்டுமில்லையே. எந்தக் கணக்குல எடுக்க?" என்று கேட்டார்.

மாமா தன் கதையை ஆதியிலிருந்து சொன்னார். கடை போய்விட்டால் பிழைப்புக்கு வழியில்லை, வயதான காலத்தில் சாக்கு விரிக்க முடியாது என்றார். அதுவரை ஊருக்குப் புரிந்தது. பாதிக்கு மேல் யாருக்கும் விளங்கவில்லை. அவர் குரல் மட்டும் நடுங்கியது. அது விளங்கியது. ஒருவர், கண்டிக்காரர் ஆசைப்படுகிறார், எடுத்துவிடுவோமே என்றார். இன்னொருவர், எடுத்துவிட்டால் அந்த வீடு வரியில்லாத வீடு, வைகாசியில் அந்த வீட்டில் கல்யாணம், ஊர் எப்படிப் பாக்கு எடுக்கும் என்று கேட்டார். மாமா மகளுக்குத் திருச்சுழியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். மாமா இதை யோசிக்கவே இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அங்கேயும் இங்கேயும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பெண்கள் நின்ற பக்கமிருந்து அத்தை முன்னால் வந்தாள். எங்கள் ஊர்க் கூட்டத்தில் பெண் பேசுகிற வழக்கம் கிடையாது. நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் தாலி, கையில் முந்தானையில் முடிந்த பணம்.

"இவுக பேர எடுத்துக்கிருங்க. எங்க வீட்டுக்கு அர வரி போட்டுக்கிருங்க" என்றாள்.

நாட்டாமை பதறிப்போனார். ஆத்தா, அரை வரி என்றால் யாருக்கு என்று உனக்குத் தெரியாதா என்றார். தெரியும் என்றாள். பணத்தைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள். புருஷன் உட்கார்ந்திருக்கும்போதே அவன் பெண்டாட்டியிடம் ஊர் கைம்பெண் வரி வாங்கியது அன்றைக்குத்தான். மாமா விரித்த குடைக்குக் கீழே அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் இரக்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அரை வரி வீடானாலும் வரி கட்டிய வீடுதானே, ஊர் திரண்டு வந்தது. அங்கேயும் மாமா ஒரு காரியம் செய்தார். மொய் எழுதுகிறவர் முன்னால் வரிசையில் போய் நின்றார். பெண்ணைப் பெற்றவன் தன் மகள் கல்யாணத்துக்கே மொய் எழுதுவதை யாராவது கேள்விப்பட்டிருக்கிறார்களா? எழுதுகிறவர் வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு, ஊர் என்ன என்று கேட்டார். அட்டன் என்றார் மாமா. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சிரிப்பு பந்தலுக்குள் அத்தை காதுக்கும் போயிற்று. அன்றைக்கு மத்தியானம் அவருக்கு விருந்தாடிகள் பந்தியில் இலை போடச் சொன்னாள். அவளே நின்று பரிமாறினாள். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்று வெளியூர்க்காரர்களைக் கேட்பதுபோலக் கேட்டாள். கோபமா, சிரிப்பா, அவர் போக்கிலேயே விட்டுப் பிடிக்கிறாளா? எனக்கு அந்தக் குழப்பம் இன்றைக்கும் தீரவில்லை.

அட்டனுக்குப் போனவர் அடுத்த பங்குனிக்கு முன்னே திரும்பி வந்துவிட்டார். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, குடை. கடையை வேலைக்கு நின்ற பையனிடமே விட்டுவிட்டதாகச் சொன்னார். நடந்ததை என்னிடம் மட்டும் சொன்னார். அதிகாரி முன்னால் போய் நின்றிருக்கிறார். பெட்டி நிறைய ரசீது கொண்டுபோயிருந்தார். அதிகாரி ஒன்றையும் பார்க்கவில்லை. உன் மனைவி எங்கே இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறார். மனைவியும் அந்த நாட்டிலேயே இருந்தால்தான் மனு நிற்குமாம். ஊரில் என்று சொல்லியிருக்கிறார். எந்த ஊரில் என்று மறு கேள்வி.

"என் ஊர்லன்னு சொல்ல வாய் வரல மாப்பிள்ள. அதான் பேர எடுத்தாச்சே. அவ ஊர்லன்னு சொன்னேன். அவரு காகிதத்த மூடிட்டாரு."

அதைச் சொன்னபோது அவருக்கு அழுகை வரவில்லை. கணக்கு எங்கே தப்பியது என்று தேடுகிற முகமாகத்தான் இருந்தது. இரண்டு இடத்திலும் ஒழுங்காக வரி கட்டியவர். இரண்டு இடத்திலும் இப்போது அவர் பேர் இல்லை.

அந்தப் பங்குனியில் மறுபடி மந்தையில் ஊர் கூடியது. தன்னைத் திரும்பவும் தலைக்கட்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மாமா கேட்டார். நாட்டாமை நெற்றியைத் தேய்த்தார். சேர்ப்பதற்கு ஊரில் ஒரே ஒரு முறைதான் இருந்தது. அந்த வருஷம் கல்யாணமானவர்கள் பெண்டாட்டியோடு அம்மன் முன்னால் வந்து நின்று, முதல் வரி கட்டிப் புதுத் தலைக்கட்டாவார்கள். வேறு முறை யாருக்கும் தெரியவில்லை. கடைசியில், அப்படியே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். மீசை சரியாக முளைக்காத புது மாப்பிள்ளைகள், மஞ்சள் காயாத பெண்கள், அந்த வரிசையின் கடைசியில் நரைத்த தலையும் குடையுமாக மாமா. பக்கத்து இடம் காலியாக இருந்தது. வாலிபர்கள் கேலி செய்ய ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்துத் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். அத்தை வருவாளா என்று ஊரே அவள் வீட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. வரவில்லை என்றால் அவர் எங்கே போவார்?

வரிசையில் மற்றவர்கள் எல்லாரும் கட்டி முடித்த பிறகுதான் வந்தாள். காட்டிலிருந்து நேரே வந்திருந்தாள், சேலையில் பருத்திச் சுளை ஒட்டிக்கொண்டிருந்தது. காலியாக இருந்த இடத்தில் போய் நின்றாள். மாமா மடியிலிருந்து பணத்தை எடுத்தார். அவள் அவர் கையைத் தள்ளிவிட்டுத் தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து முழு வரியையும் தாம்பாளத்தில் வைத்தாள்.

"தலக்கட்டு என் பேருலயே இருக்கட்டும்" என்று நாட்டாமையிடம் சொன்னாள். "முழு வரி நான் கட்டிருதேன். இவுகள என் வீட்டு ஆளாச் சேத்துக்கிருங்க."

முறையில் அதற்கும் இடமில்லை. நாட்டாமை வாயைத் திறந்தவர் என்ன நினைத்தாரோ, திருநீற்றை எடுத்து முதலில் அவளுக்கும் பிறகு அவருக்கும் கொடுத்தார். மாமாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கையில் எடுத்த பணம் கையிலேயே இருந்தது. அவர் வரி கட்டாமல் ஒரு இடத்தில் நின்றது அன்றைக்குத்தான்.

"அப்ப நான் எதுவும் கட்ட வேண்டாமா?" என்று அவளிடம் கேட்டார்.

"வேண்டாம்" என்றாள் அத்தை. "கொடைய மடக்குங்க. வீட்டுக்குப் போவம்."

அவர் குடையை மடக்கினார். வெயில் சுள்ளென்று அடித்தது. அவள் முன்னால் நடந்தாள், அவர் பின்னால் போனார்.